மஞ்சள் எவ்வளவு? அவுரி எது?

மலத்தோடு ரத்தம் போனால் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது மூலம். குடலில் புண் என்று டாக்டர் சொன்னாலோ, வீட்டில் அதை ‘அல்சர்’ என்று எடுத்துக்கொண்டு, காரத்தைக் குறை, வேளாவேளைக்குச் சாப்பிடு என்பார்கள். நான் இன்று பேச வந்தது இரண்டையும் பற்றி அல்ல. பெருங்குடலின் உள்தோல் சிவந்து, வீங்கி, புண்ணாகி, ஒரு நாளைக்குப் பத்து முறைகூடக் கழிப்பறைக்கு ஓடவைக்கும் ஒரு நோய் இருக்கிறது. அதன் பெயர் அல்சரேட்டிவ் கொலைடிஸ். அதன் உடன்பிறப்பு கிரோன் நோய். அது வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம். இரண்டையும் சேர்த்துக் குடல் அழற்சி நோய் என்கிறார்கள். உடலின் எதிர்ப்பாற்றல் தன் குடலையே எதிரியாக நினைத்துத் தாக்குவதுதான் இதன் அடிப்படை. அடங்கியிருக்கும், பிறகு மறுபடி கிளம்பும்.

அடங்கியிருக்கும்போதும் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பார் டாக்டர். “ஆயுசுக்குமா?” என்று நோயாளி கேட்பார். அந்தக் கேள்வி வீட்டுக்கு வந்ததும், யாராவது ஒருவர் மஞ்சளை எடுத்து நீட்டுவார்.

நீட்டியவரைக் குறை சொல்ல மாட்டேன். மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்க்குமினை வைத்து ஜப்பானில் ஓர் ஆய்வு நடத்தி, 2006-ல் வெளியிட்டார்கள். அல்சரேட்டிவ் கொலைடிஸ் அடங்கியிருந்த 89 பேர். எல்லோரும் வழக்கமான மாத்திரையைத் தொடர்ந்தார்கள். பாதிப் பேருக்குக் கூடுதலாக நாளொன்றுக்கு 2 கிராம் குர்க்குமின், மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. ஆறு மாத முடிவில், குர்க்குமின் சாப்பிட்டவர்களில் கணக்கில் வந்த 43 பேரில் 2 பேருக்குத்தான் நோய் திரும்பியது. மற்ற பக்கம் 39 பேரில் 8 பேருக்குத் திரும்பியது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் ஒதுக்கிவிட முடியாது.

அந்த 2 கிராமைச் சமையலறைக் கணக்கில் சொல்கிறேன். மஞ்சள்தூளில் குர்க்குமின் சுமார் நூற்றுக்கு மூன்று பங்கு. அப்படியென்றால் 2 கிராமுக்கு ஒரு நாளைக்கு 65 கிராமுக்கு மேல் மஞ்சள்தூள் வேண்டும். எந்த வீட்டு ரசத்திலும் அவ்வளவு மஞ்சள் விழாது! ராத்திரி பாலில் போடும் ஒரு சிட்டிகை தொண்டைக்கு இதமாக இருக்கலாம். அந்த ஆய்வின் பலனை அதில் எதிர்பார்க்க முடியாது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் இதே நோய்க்கு, வழக்கமான மாத்திரையோடு தினம் 450 மில்லிகிராம் குர்க்குமின் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த அளவில் வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

“மிளகு சேர்த்தால்?” என்று அடுத்த கேள்வி வரும். பெங்களூரில் 1998-ல் செய்த சோதனையில், மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்ததும் ரத்தத்தில் ஏறும் குர்க்குமின் 20 மடங்கு கூடியது. உண்மைதான். ஆனால் புண் இருப்பது பெருங்குடலில். குர்க்குமின் ரத்தத்தில் ஏறாமல் குடலோடு கீழே இறங்குவது இந்த நோய்க்கு வசதியென்றுகூடச் சொல்லலாம். அதோடு, மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் கெட்ட 10 பேரைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் 2022-ல் எழுதினார்கள். ஒருவர் இறந்தேபோனார். பரிசோதித்த 7 மாத்திரைகளில் மூன்றில் பைப்பரினும் இருந்தது. சாம்பாரில் போடும் மிளகுக்கு யாரும் பயப்பட வேண்டாம். பேச்சு குப்பியில் அடைத்து விற்கும் மாத்திரையைப் பற்றி.

நிலவேம்பும் இந்த வரிசையில் உண்டு. டெங்கு நாட்களில் வீதியில் நின்று வாங்கிக் குடித்தோமே, அதே செடிதான். அதன் சாற்றை வைத்து இதே நோயுள்ள 224 பேரிடம் எட்டு வாரம் ஆய்வு நடத்தினார்கள். தினம் 1,800 மில்லிகிராம் எடுத்தவர்களில் நூற்றுக்கு 60 பேருக்குக் குணம் தெரிந்தது. வெற்று மாத்திரையிலேயே 40 பேருக்குத் தெரிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். பெரிய அளவில் மறுபடி முயன்றபோது, பலன் தேறாது என்று 2014-ல் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

என்னை உண்மையிலேயே யோசிக்க வைத்தது அவுரி. விழுப்புரம், திண்டிவனம் பக்கம் விளைந்து நீலச்சாயம் தந்த செடி. இலையைத் தண்ணீரில் ஊறவைத்து, கடைந்து, அடியில் தங்கும் நீலத்தை எடுப்பார்கள். இப்படி நீலம் தரும் செடிகளிலிருந்து எடுக்கும் ஒரு பொடி சீன மருத்துவத்தில் பழையது. அதை வைத்து ஜப்பானியர்கள் இதே நோயுள்ள 86 பேரிடம் ஆய்வு நடத்தினார்கள். வெற்று மாத்திரையில் நூற்றுக்கு 14 பேர் தேறினார்கள். நீலப்பொடியில், அளவைப் பொறுத்து 70 முதல் 81 பேர். மஞ்சளும் நிலவேம்பும் இதற்குப் பக்கத்தில்கூட வர முடியாது.

அந்த ஆய்வும் பாதியில் நின்றது, பலன் இல்லாததால் அல்ல. ஆய்வுக்கு வெளியே ஒருவர் அதே பொடியைத் தானே வாங்கி ஆறு மாதம் சாப்பிட்டிருக்கிறார். நுரையீரலுக்கு ரத்தம் போகும் குழாயில் அழுத்தம் ஏறிவிட்டது. உயிருக்கே உலைவைக்கக்கூடிய கோளாறு அது. புண்ணை அத்தனை வேகமாக ஆற்றிய பொருள் உடம்பில் வேறெதையும் தொடாமல் போய்விடும் என்று எப்படி நம்புவது? ‘மூலிகைதானே, பக்கவிளைவு கிடையாது’ என்ற பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த நீலப்பொடிதான் ஞாபகம் வருகிறது.

மஞ்சள் மாத்திரை சாப்பிட ஆசையிருந்தால், அந்தக் குப்பியையே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். திட்டுவார் என்று பயந்து மறைக்கிறவர்கள் நிறையப் பேர். ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் கட்டாயம் சொல்லியாக வேண்டும். ஜப்பானில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் பழைய மாத்திரையையும் கூடவே விழுங்கினார்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

அவுரியை மட்டும் கடையில் தேடிப் போகாதீர்கள். தலைக்குச் சாயம் போட விற்கும் பொடியும் அந்தப் பெயரில்தான் வருகிறது. தென் மாவட்டங்களில் நிலாவாரை இலையையும் அவுரி என்று சொல்லும் வழக்கம் உண்டு. அது பேதி மருந்து. ஏற்கெனவே பத்து முறை போய்க்கொண்டிருப்பவர் அதைப் போய்ச் சாப்பிட்டால் என்ன ஆவார்!