கரிச்சுருளும் ஒரு சின்னப் புள்ளியும்



"கிரேக்கம், லத்தீன் எல்லாம் படிச்சு என்ன பண்ணப் போற?" பல்கலைக்கழகத்தில் கிளாசிக்ஸ் எடுக்கிற மாணவர்களுக்குக் கேட்டுக் கேட்டுப் புளிச்சுப்போன கேள்வி இது. இப்போ கூடவே இன்னொண்ணும் சேர்ந்துடுச்சு: "அதான் ஏஐ வந்துடுச்சே, அதுவே படிச்சிடாதா?" பதிலுக்கு இன்னைக்கு ஒரு கதை சொல்றேன்.

கி.பி. 79. இத்தாலியில் வெசுவியஸ் எரிமலை வெடிச்சது. பொம்பெயி மாதிரியே ஹெர்குலேனியம்னு இன்னொரு ஊரும் புதைஞ்சது. அங்கே ஒரு பெரிய மாளிகை. உள்ளே நூற்றுக்கணக்கான பாப்பிரஸ் சுருள்கள். அவை சாம்பலாகல. வெப்பத்தில் கருகி, அடுப்புக்கரி மாதிரி இறுகிப்போச்சு. 1750களில் தோண்டி எடுத்து, பிரிச்சுப் படிக்கப் பார்த்தாங்க. பல சுருள்கள் கையிலேயே நொறுங்கிடுச்சு.

அப்போ பிரிக்காமலே படிச்சா? கென்டக்கி பல்கலைக்கழகத்துக் கணினிப் பேராசிரியர் பிரென்ட் சீல்ஸ் பல வருஷம் இதுக்காகவே உழைச்சார். சுருளை ஸ்கேன் பண்ணி, கணினிக்குள்ளேயே விரிக்கலாம். ஆனா ஒரு சிக்கல். தாளும் கரி, மையும் கரி. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அதனால் 2023இல் 'வெசுவியஸ் சேலஞ்ச்'னு போட்டி வெச்சாங்க. நெப்ராஸ்காவில் படிச்சிட்டிருந்த 21 வயசு மாணவர் லூக் ஃபாரிட்டர் எழுதின மாடல், ஒரு முழுச் சொல்லை வெளியே கொண்டுவந்தது. 'போர்ஃபுராஸ்'. ஊதா நிறத்தைக் குறிக்கிற கிரேக்கச் சொல். பரிசு 40,000 டாலர்.

இங்கேதான் கவனிக்கணும். அந்த மாடலுக்குக் கிரேக்கம் தெரியாது. "இந்த இடத்தில் மை இருக்கு, இங்கே இல்லை", அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். வேணும்னேதான் அப்படி வெச்சாங்க. மொழி தெரிஞ்ச மெஷின், இல்லாத எழுத்தையும் இருக்கிறதா காட்டிடலாம் இல்லையா? அது சொல்தான், இன்ன சொல்தான்னு சொன்னவங்க பாப்பிரஸ் படிக்கிற அறிஞர்கள்.

அது லேசான வேலை இல்லை. அந்தச் சுருள்களில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. தமிழிலேயே பாருங்க, "பலகையில்லை"ன்னு எழுதினா பலகை இல்லையா, பல கை இல்லையா? பாதி எழுத்து அழிஞ்சு போன பழைய கிரேக்கத்தில் இதைத் தீர்மானிக்கணும். அதுக்கு இலக்கணமும், அந்தக் காலத்துக் கையெழுத்தும் வருஷக்கணக்கில் பழகணும். ஆக்ஸ்ஃபோர்டில் கிளாசிக்ஸ் நாலு வருஷப் படிப்பு. பள்ளியில் இந்த மொழிகளைத் தொடாதவங்களும் அங்கே முதலிலிருந்து கத்துக்கிட்டுச் சேரலாம்.

இந்தத் துறையில் எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒரு பழக்கம். ஓர் எழுத்து முழுசா தெளிவா இல்லைன்னா, பதிப்பில் அதுக்குக் கீழே ஒரு சின்னப் புள்ளி வைப்பாங்க. அழிஞ்சுபோனதை ஊகிச்சு எழுதினா சதுர அடைப்புக்குறிக்குள்ளே போடுவாங்க. எது கண்ணால் பார்த்தது, எது என் ஊகம்னு ஒவ்வொரு எழுத்துக்கும் கணக்குக் காட்டணும். நாம ஒரு ஃபார்வர்ட் அனுப்பும்போது இப்படிப் புள்ளி வைக்கிறோமா?

2024 பிப்ரவரியில் ஃபாரிட்டர் உட்பட மூணு இளைஞர்கள் 700,000 டாலர் பெரும் பரிசை வாங்கினாங்க. 2,000க்கும் மேற்பட்ட எழுத்துகள் வெளிவந்தது. இசை, சாப்பாடு, இன்பம் பற்றின ஒரு தத்துவ நூல். அரிதா கிடைக்கிற பொருள்தான் அதிக இன்பம் தருமான்னு கேட்குது.

இன்னும் நூற்றுக்கணக்கான சுருள்கள் திறக்காம இருக்கு. மெஷின் இனி மையை வேகமா காட்டிடும். அதைப் படிச்சு, நேர்மையா புள்ளி வைக்க ஆள் வேணும். "படிச்சு என்ன பண்ணப் போற?"ன்னு யாராவது கேட்டா, இந்தக் கதையைச் சொல்லுங்க.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.