கேளாமல் எடுத்த முகம்
(ஏறாவூர்க் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தேர்தல் வந்தால் ஏறாவூரிலே சுவர்கள் பேசத் தொடங்கும். இன்றோ சுவர்களைக் காட்டிலும் கைத்தொலைபேசிகளே அதிகம் பேசுகின்றன. அங்கே நம் பெயரையும் முகத்தையும் கேளாமல் எடுத்து, நம்மைச் சாட்சியாக நிறுத்த எவருக்கேனும் உரிமை உண்டா? இதுவே இன்று நாம் எழுப்பும் வினா.

ஒரு துண்டுக் காணியை விற்பதாயின் நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகள் அருகிருக்கக் கையொப்பமிடுகிறோம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் அவ்வாறு விதித்தது. கால் ஏக்கர் மண்ணுக்கு இத்துணைக் காவல்! தலைமுறை தலைமுறையாகக் காத்த நற்பெயரை எடுத்தாளவோ ஒரு விரல் தொடுகை போதுமாம்!

கற்பனை பேசவில்லை. 2011ஆம் ஆண்டில் முகநூல் நிறுவனம் ஒரு விளம்பர முறையைப் புகுத்திற்று. ஒருவர் ஒரு வணிகப் பக்கத்துக்கு விருப்பக்குறி இட்டால், அவருடைய பெயரும் படமும் அந்த வணிகத்தின் விளம்பரமாகி, அவருடைய நண்பர்கள் முன் தோன்றின. விளம்பரத்துக்கென அவரிடம் தனியே இசைவு கேட்கவில்லை, கூலியும் கொடுக்கவில்லை. கலிபோர்னியாவில் வழக்கு எழுந்தது. 2013இல் இரண்டு கோடி டொலர் இணக்கத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது. இழப்பீடு கோரியவர்களுக்குத் தலைக்குக் கிடைத்தது 15 டொலர்! மறு ஆண்டில் அம்முறை கைவிடப்பட்டது.

நம் நாட்டின் நிலை என்ன? 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளுள் அந்தரங்க உரிமை தனியே எழுதப்படவில்லை. ஆயினும் நாம் வெறுங்கையர் அல்லர். நம் பொதுச் சட்டமாகிய உரோம-ஒல்லாந்தச் சட்டம் மனித மாண்பைக் காக்கிறது. அதே சட்டம் வழங்கும் தென்னாபிரிக்காவிலே, செய்திக் கட்டுரைக்கென ஒரு பெண்மணி இசைந்து கொடுத்த படத்தைத் துப்பாக்கி விளம்பரத்திலே போட்டார்கள். அது மாண்பின் மீதான தாக்குதலென வழக்காடத் தக்கதே என்று 1954இல் கேப் நீதிமன்றம் கூறிற்று. 1994இல் நக்கீரன் ஆசிரியர் இராசகோபால் வழக்கிலே, இசைவின்றி ஒருவரின் பெயரையோ உருவத்தையோ விளம்பரத்துக்கு எடுப்பது அந்தரங்க மீறல் என இந்திய உச்ச நீதிமன்றமும் உரைத்தது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தந்த இசைவை மீளப் பெறும் உரிமையையும் ஏற்றுள்ளது.

"வெளிப்படையாக இட்ட குறிதானே, மறைப்பதற்கு என்ன இருக்கிறது?" என்பார்கள். கடையை எட்டிப் பார்த்தவர் கடைக்குப் பிணையாளி ஆவாரா? கூட்டத்திலே நின்று கேட்டவர் கட்சிக்காரர் ஆவாரா? பொய்யான ஆதரவுப் படம் ஓர் அரச உத்தியோகத்தரின் பதவிக்கு உலை வைக்கும். ஓர் இளம்பெண்ணின் வீட்டு அமைதியைக் குலைக்கும். விளம்பரம் செய்தவன் அந்த இழப்பை ஈடு செய்வானா?

நிறுவனங்களை நோக்கி நீட்டும் விரலை நம் பக்கமும் திருப்புவோம். இக்கூட்டத்தின் படங்களை வெளியிடும் தொண்டர்களுக்கு நாம் சொல்வது இது: எவரையும் கேளாமல் ஆதரவாளர் என்று எழுதாதீர்கள். நீக்கும்படி கேட்டால் அன்றே நீக்குங்கள். எதிரணி செய்கிறதே என்பது நமக்கு நியாயமாகாது. உங்கள் படம் இவ்வாறு வெளிவந்தாலோ, திரைப்பதிவையும் திகதியையும் பத்திரப்படுத்துங்கள், எழுத்திலே ஆட்சேபியுங்கள், பின்னர் சட்டத்தரணியை நாடுங்கள்.

ஏறாவூர்த் தறியில் நெய்த சேலையை உரியவரைக் கேளாமல் எடுத்தால் களவு என்கிறோம். முகத்தை எடுத்தால் மட்டும் அதற்கு வேறு பெயரா? கேட்டுப் பெறுவதே ஆதரவு. கேளாமல் எடுப்பது களவே!