நூறு ரூபாய்தானே?



எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரித்தானது. ஸலாத்தும் ஸலாமும் எமது உயிரினும் மேலான நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

அன்பார்ந்த நேயர்களே! வவுனியாவின் சாளம்பைக்குளத்திலும் சூடுவெந்தபுலவிலும், முல்லைத்தீவின் தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும், கிளிநொச்சியின் நாச்சிக்குடாவிலும் வாழும் இளைஞர்களே, பெற்றோர்களே! 1990 ஒக்டோபரில் எமது சமூகம் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டதை உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. உடுத்த உடையோடு சென்றவர்கள் புத்தளத்து முகாம்களில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளைக் கழித்தார்கள். 2009 இற்குப் பின்னர் திரும்பி வந்தவர்கள் காடு மண்டிக்கிடந்த காணிகளை வெட்டித் துப்புரவாக்கி, கிணற்றை இறைத்து, கல்லின்மேல் கல்லாக அடுக்கி வீடு கட்டினார்கள். இந்த மண்ணில் ஒரு ரூபாய் எவ்வளவு வியர்வையில் பிறக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த ரூபாய் எவ்வளவு சத்தமின்றி வீட்டை விட்டுப் போய்விடுகிறது என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

ஓர் இளைஞன் கையடக்கத் தொலைபேசியில் நண்பர்கள் சிலரை ஒன்றுசேர்க்கிறான். சீட்டாட்டம், சுழலும் சக்கரம், இலக்கம் பிடித்தல், வாரம் ஒரு முறை சீட்டிழுப்பு. ஆளுக்கு ஐம்பது அல்லது நூறு ரூபாய். வாப்பா கேட்டால், "நூறு ரூபாய்தானே வாப்பா, சும்மா பொழுதுபோக்கு" என்று பதில் வருகிறது. கேட்பதற்கு மிகச் சிறிய விடயமாகத் தோன்றுகிறது. ஆனால் அந்தப் பதிலுக்குள் மூன்று வாதங்கள் மறைந்திருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

"தொகை சிறியது"

சூரத்துல் மாயிதாவின் 90 ஆம் வசனத்தில் அல்லாஹ் மதுவையும் சூதையும் ஒரே வரிசையில் வைத்து, அவை ஷைத்தானின் செயல்கள் என்று அறிவித்து, விலகிக்கொள்ளுமாறு கட்டளையிடுகிறான். அங்கே தொகைக்கு எல்லை எதுவும் குறிக்கப்படவில்லை. ஒரு மிடறு மது மதுவாகவே இருப்பதுபோல, ஐம்பது ரூபாய்ச் சூதும் சூதாகவே இருக்கிறது.

கணக்கையும் பாருங்கள். நாளுக்கு நூறு ரூபாய் என்றால் மாதத்துக்கு 3,000 ரூபாய். ஆண்டுக்கு 36,500 ரூபாய். ஒரு பிள்ளையின் பாடசாலைச் செலவில் எத்தனை பங்கு இது! "சில நாட்களில் வெல்லவும் கூடுமே" என்று நீங்கள் கூறலாம். கசினோக்களில் சுழலும் ரூலட் சக்கரம் ஒன்றில் பூச்சியம் முதல் 36 வரை 37 இலக்கங்கள் உள்ளன. சரியான இலக்கத்தில் நூறு ரூபாய் வைத்தவனுக்கு, வைத்த பணத்தையும் சேர்த்து 3,600 ரூபாய் கிடைக்கும். இப்போது 37 இலக்கங்களிலும் தலா நூறு ரூபாய் வையுங்கள். 3,700 ரூபாய் கொடுத்து 3,600 ரூபாய் பெறுவீர்கள். எந்த இலக்கம் விழுந்தாலும் நூறு ரூபாய் கசினோக்காரனுக்கே. அவன் ஏமாற்ற வேண்டிய அவசியமே இல்லை. கணக்கே அவன் பக்கம் எழுதப்பட்டிருக்கிறது. தொலைபேசியில் ஓடும் இத்தகைய விளையாட்டுகள் முதலில் இலவசமாக நாணயங்களைத் தருகின்றன. கை பழகிய பிறகே காசு கேட்கின்றன.

"எல்லோரும் விரும்பித்தானே தருகிறார்கள்?"

ஐம்பது பேர் தலா நூறு ரூபாய் போட்டு 5,000 ரூபாய் சேர்கிறது. குலுக்கலில் ஒருவனுக்கு 4,000 ரூபாய்; நடத்தியவனுக்கு 1,000 ரூபாய். மற்ற நாற்பத்தொன்பது பேருக்கும் கிடைத்தது என்ன? அவர்கள் விரும்பியது கொடுப்பதை அல்ல, பெறுவதையே. தம்பியின் இழப்புதான் அண்ணனின் இலாபம் என்றால், அந்த இலாபத்தை உண்ட வாயோடு எப்படித் தம்பியைப் பார்த்துப் புன்னகைப்பது? மாயிதாவின் 91 ஆம் வசனம் இதைத்தான் காட்டுகிறது. மதுவையும் சூதையும் கொண்டு எமக்கிடையே பகைமையையும் வெறுப்பையும் மூட்டவும், அல்லாஹ்வின் நினைவை விட்டும் தொழுகையை விட்டும் எம்மைத் தடுக்கவும் ஷைத்தான் விரும்புகிறான். இழந்ததை மீட்க இரவு இரண்டு மணி வரை திரையைப் பார்த்திருந்தவன் சுபஹுக்கு எப்படி எழுவான்?

"இலாபம் நல்ல காரியத்துக்குத்தானே?"

மூன்றாவது வாதமே மிகவும் ஆபத்தானது. விளையாட்டுக் கழகத்துக்கு, ஏழை மாணவனுக்கு, சில வேளைகளில் பள்ளிவாயல் கட்டட நிதிக்கே கூடச் சீட்டிழுப்பு நடத்தலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். இந்த வாதம் புதியதல்ல. ஜாஹிலிய்யாக் காலத்து அரபிகள் ஓர் ஒட்டகத்தை அறுத்துப் பங்கிட்டு, பத்து அம்புகளைக் கொண்டு குலுக்கினார்கள். ஏழு அம்புகளுக்குப் பங்கு உண்டு. மூன்று வெற்று அம்புகள். வெற்று அம்பு பெற்றவர்கள் ஒட்டகத்தின் விலையைக் கட்டினார்கள். வென்றவர்கள் இறைச்சியைத் தாம் உண்ணாமல் ஏழைகளுக்குக் கொடுத்துப் பெருமை பேசினார்கள். 'மைஸிர்' என்று குர்ஆன் பெயரிட்டுத் தடுத்தது இதையே! ஏழையின் வயிறு நிரம்பியது என்பதற்காக அது ஆகுமாக்கப்படவில்லை. சூதிலே மனிதருக்குச் சில பயன்கள் இருப்பதை சூரத்துல் பகராவின் 219 ஆம் வசனம் மறுக்கவில்லை. பயனைவிடப் பாவமே பெரியது என்று தீர்ப்பளிக்கிறது.

எமது நாட்டு லொத்தர்களின் நிலையும் இதுவே. 1963 இல் தேசிய லொத்தர் சபை அமைக்கப்பட்டது. லொத்தர் வருமானத்தில் ஒரு பகுதி மகாபொல புலமைப்பரிசில் போன்ற நற்காரியங்களுக்குச் செல்கிறது. ஆனாலும் 2023 இல் 20 ரூபாயிலிருந்து 40 ரூபாயாக உயர்ந்த அந்தச் சீட்டைப் பெரும்பாலும் வாங்குபவர் யார்? அன்றாடம் உழைத்து உண்ணும் கூலித் தொழிலாளியல்லவா? ஏழைக்கு உதவுவதற்கு ஏழையிடமே எடுப்பதா?

"அரசாங்கமே அனுமதிக்கிறதே" என்பீர்கள். 2010 இல் கசினோ வியாபாரத்தை ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. 2025 இல் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்கான சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. ஒழுங்குபடுத்துவது வேறு, ஹலாலாக்குவது வேறு. அயலிலே பாருங்கள்: தமிழ்நாட்டு அரசு 2003 இல் லொத்தரை முற்றாகத் தடைசெய்தது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்க இந்தியப் பாராளுமன்றம் 2025 ஓகஸ்டில் சட்டம் இயற்றியது. மார்க்கத்தின் பெயரால் அல்ல, குடும்பங்கள் அழிவதைக் கண்டே அவர்கள் அந்த முடிவுக்கு வந்தார்கள்.

எது ஆகும், எது ஆகாது?

இளைஞர்களே! மார்க்கம் உங்கள் மகிழ்ச்சியைப் பறிக்கவில்லை. எமது தாய்மார் பிடிக்கும் சாதாரணச் சீட்டு சூதல்ல. பத்துப் பேர் மாதம் 5,000 ரூபாய் போட்டால், முன்னர் ஆயினும் பின்னர் ஆயினும் பத்துப் பேருக்கும் 50,000 ரூபாய் கிடைக்கிறது. எவரும் எதையும் இழப்பதில்லை. குலுக்கல் வெறும் முறைவரிசையைத்தான் முடிவுசெய்கிறது. நபி (ஸல்) அவர்களும் பிரயாணம் புறப்படும்போது எந்த மனைவியை உடன் அழைத்துச் செல்வது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தார்கள். தடை குலுக்கலில் இல்லை. பணம் கட்டி, பிறர் இழக்கத் தான் பெறுவதிலேயே இருக்கிறது.

கிரிக்கெட் போட்டி நடத்துகிறீர்களா? அணிகள் கட்டும் நுழைவுப் பணத்தையே திரட்டிப் பரிசாக்கினால், அது சூதின் வாசலில் நிற்கிறது என்று ஆலிம்கள் பலர் எச்சரிக்கிறார்கள். போட்டியில் சேராத ஒரு வர்த்தகரிடம் பரிசைப் பெற்றுக்கொள்ளுங்கள், அதில் தடையில்லை.

அழைத்தவனின் சுமை

இறுதியாக, இத்தகைய குழுவை ஆரம்பிக்க நினைக்கும் சகோதரனே, உன்னோடு ஒரு வார்த்தை. "வா, சூதாடுவோம்" என்று நண்பனிடம் சொன்னவர் தர்மம் செய்யட்டும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. ஆடவில்லை, அழைத்தான், அவ்வளவே. அந்தச் சொல்லுக்கே பரிகாரம் தேவைப்பட்டது. அப்படியாயின் ஐம்பது பேரை அழைத்து, நாள் குறித்து, பணம் சேர்த்தவனின் நிலை என்ன? தீய வழியொன்றை ஏற்படுத்துபவர், அதைப் பின்பற்றியோரின் பாவத்திலும் பங்கு சுமப்பார் என்பதும் நபிமொழியே. நீ விலகிய பின்னரும் அந்தக் குழு இயங்கினால் உன் கணக்கு மூடப்படுவதில்லை.

ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டாயா? நம்பிக்கை இழக்காதே. இன்றே நிறுத்து. நடத்தியதற்காக எடுத்த பணத்தையும் வென்ற பணத்தையும் உரியவர்களிடம் திருப்பிக் கொடு. உரியவர் யாரெனத் தெரியாவிட்டால், நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடு. அழைத்த அதே வாயால், "நான் தவறு செய்துவிட்டேன், நிறுத்துவோம்" என்று அவர்களிடம் சொல். அது கூச்சமாக இருக்கும். ஆனால் மஹ்ஷர் மைதானத்தின் வெட்கம் அதைவிடப் பெரியது.

பெற்றோர்களே! தொலைபேசியைப் பறித்து உடைப்பதால் பயனில்லை. பிள்ளை கடன் கேட்கிறானா, இரவில் உறங்காதிருக்கிறானா, உம்மா வெளிநாட்டில் வீட்டு வேலை செய்து அனுப்பும் பணத்துக்குக் கணக்குச் சொல்லத் தடுமாறுகிறானா என்று பாருங்கள். ஏசுவதற்கு முன்னர் அருகில் இருத்திக் கேளுங்கள். வீட்டிலே உண்மையைச் சொல்ல இடம் கிடைத்த பிள்ளை கடன்காரனிடம் ஓடமாட்டான். நீங்களும் சந்தியிலே லொத்தர் சுரண்டிக்கொண்டு நின்றால், உங்கள் புத்திமதி அவன் காதில் ஏறாது.

யா அல்லாஹ்! எங்கள் உழைப்பிலே பரக்கத் செய்வாயாக! ஹராமான ஆயிரத்தை விட ஹலாலான நூறு ரூபாயை எங்கள் பிள்ளைகளுக்கு இனிமையாக்கி வைப்பாயாக! மீண்டும் கட்டியெழுப்பிய எங்கள் வீடுகளை இந்தச் சத்தமில்லாத தீயிலிருந்து பாதுகாப்பாயாக! ஆமீன்.