எண்ணிக்கையும் நம்பிக்கையும்

(சுகாதாரம், சமூக நலம் ஆகிய துறைகளின் அலுவலர்களும் மாணவர்களும் கூடிய கருத்தரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரை)

2014 நவம்பர் 8ஆம் நாள் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் மாவட்டத்தில், பயன்பாடின்றிக் கிடந்த ஒரு மருத்துவமனைக் கட்டடத்தில் சில மணி நேரத்திற்குள் 83 பெண்களுக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. இம்முகாமிலும் அதையொட்டி அம்மாவட்டத்தில் நடந்த முகாமிலும் அறுவை செய்துகொண்டவர்களில் 13 பெண்கள் அடுத்த சில நாட்களில் உயிரிழந்தனர். காரணம் மருந்தில் கலந்த நஞ்சா, கருவிகளின் வழியே பரவிய தொற்றா என்ற வாதம் நீண்டது. அவ்வாதம் எவ்வாறு முடிந்திருப்பினும் 83 என்னும் எண்ணுக்கு அதில் விளக்கம் கிடைக்காது. ஒரு மருத்துவக் குழு ஒரு நாளில் 30க்கு மேல் இவ்வறுவையைச் செய்தலாகாது என்பது அரசு வகுத்திருந்த விதியாகும். அறுவை செய்த மருத்துவரோ, மிகுதியான அறுவைகளைச் செய்தமைக்காக முன்னரே மாநில அரசின் பாராட்டைப் பெற்றவர் என்று அந்நாளைய செய்தியேடுகள் எழுதின. விதி ஏட்டில் இருந்தது. பாராட்டு மேடையில் இருந்தது. இரண்டில் எதைத் தலைமை மெய்யாகவே மதிக்கிறது என்பதைக் கீழ்நிலை ஊழியர் எளிதில் அறிந்துகொள்வர்.

நிருவாகத்தில் அறம் என்றவுடன் கையூட்டு வாங்காமை, காலந்தவறாமை போன்ற தனிமனித ஒழுக்கங்களே பேசப்படுகின்றன. அவை வேண்டுவனவே. எனினும், மக்கள் நலத் துறைகளில் பெருந்தீங்குகள் பெரும்பாலும் கெட்டவர்களால் விளைவதில்லை. மேலிருந்து வந்த எண்ணை வினவாமல் கீழே அனுப்பிய நேர்மையான அலுவலர்களாலும் விளைந்துள்ளன. ஆகவே, எதை எண்ணச் சொல்கிறோம், எதற்குப் பரிசளிக்கிறோம் என்பதும் அறம் பற்றிய வினாவே ஆகும்.

குடும்பநலத் திட்டத்தின் வரலாறு இதற்குத் தெளிவான சான்று. 1952இல் அரசின் அதிகாரபூர்வத் திட்டமாகக் குடும்பக் கட்டுப்பாட்டை ஏற்ற முதல் நாடு இந்தியா. அறுபதுகளின் நடுவில் முறைவாரியான இலக்குகள் புகுந்தன. 1971இல் கேரளத்தின் எர்ணாகுளத்தில் திருவிழாப் போல நடத்தப்பட்ட முகாமில் ஒரு மாதத்தில் 60,000க்கு மேற்பட்ட ஆண்கள் வாசெக்டமி செய்துகொண்டனர். நாடெங்கும் அது முன்மாதிரியாகப் போற்றப்பட்டது. பின்பு நெருக்கடிநிலை வந்தது. 1976-77ஆம் ஆண்டுக்கு மத்திய அரசு குறித்த இலக்கு ஏறத்தாழ 43 இலட்சம். மாநிலங்கள் ஒன்றையொன்று விஞ்ச முற்பட்டன. உத்தரப் பிரதேசம் தனக்குக் குறிக்கப்பட்ட 4 இலட்சத்தைத் தானே 15 இலட்சமாக உயர்த்திக்கொண்டது. ஆள் சேர்த்துத் தராத ஆசிரியர்களின் ஊதியம் பல இடங்களில் நிறுத்தப்பட்டது. ஆண்டிறுதியில் 82 இலட்சத்திற்கு மேற்பட்ட அறுவைகள் கணக்கில் ஏறின. அவற்றுள் நான்கில் மூன்று பங்கு ஆண்களுக்குச் செய்யப்பட்டவை. இவ்வறுவைகளைத் தொடர்ந்து 1,774 பேர் இறந்ததாக ஷா ஆணையம் பதிவு செய்தது.

இலக்கைப் போல் இரு மடங்கு சாதனை! ஆனால் அடுத்த ஆண்டிலேயே மொத்த எண்ணிக்கை 10 இலட்சத்திற்கும் கீழே விழுந்தது. விழுந்தது எண்ணிக்கை மட்டுமன்று. வாசெக்டமி எளிமையானது, ஆபத்துக் குறைந்தது. வயிற்றைத் திறக்க வேண்டாத அம்முறையை ஆண்கள் அன்று கைவிட்டவர்கள் இன்றுவரை திரும்பவில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி மணமான பெண்களுள் கருத்தடை அறுவையைச் சார்ந்திருப்போர் 37.9 விழுக்காடு, கணவர் அறுவை செய்துகொண்டோர் 0.3 விழுக்காடு. ஓராண்டு காட்டிய அவசரத்தின் விலையைப் பெண்கள் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செலுத்தி வருகின்றனர். பொருளியல் மொழியில் கூறினால், நம்பிக்கை ஒரு மூலதனம். அதைச் செலவிட்டு வாங்கியதை வருமானம் என்று கணக்கெழுதினார்கள். நிலைத்து நிற்கும் வளர்ச்சி என்பதன் பொருளை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பேரேடு வேறில்லை.

இதனால் இலக்குகளே கூடா என்று முடிவு கட்டுவதும் பிழை. பெரியம்மை ஒழிப்பை எண்ணிப் பார்க்கலாம். 1962இல் தொடங்கிய தேசியத் திட்டம் மக்களில் 80 விழுக்காட்டினருக்கு அம்மை குத்துவதை இலக்காகக் கொண்டது. இலக்கு எட்டப்பட்டதாக அறிக்கைகள் கூறின, நோயோ நீங்கவில்லை. எளிதில் கிடைக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கே மீண்டும் மீண்டும் குத்தியதும், கூலிக்கு இடம்பெயர்வோர் விடுபட்டதும் பின்னர் தெரியவந்தன. எழுபதுகளில் முறை மாற்றப்பட்டது. வீடுவீடாக நோயாளியைத் தேடுவதும், கண்டவிடத்துச் சுற்றியுள்ளோரைக் காப்பதும் முதன்மை பெற்றன. நோயைப் பற்றித் தகவல் தந்தவருக்குப் பரிசு வழங்கப்பட்டது. அதாவது, கெட்ட செய்தியை மேலே கொண்டுவந்தவன் பாராட்டப்பட்டான். 1975 மே மாதத்திற்குப் பின் இந்நாட்டில் பெரியம்மை இல்லை. (இறுதிக் கட்டத்தில் மறுத்தவர்களைப் பிடித்து அம்மை குத்திய நிகழ்ச்சிகளும் உண்டு, வெற்றியின் ஒளியில் அவற்றை மறைத்தல் தகாது.)

கருத்தடைத் திட்டத்திலும் பாடம் கற்கப்படாமலில்லை. 1995இல் தமிழ்நாடு, கேரளம் ஆகிய மாநிலங்கள் முழுமையிலும், பிற மாநிலங்களில் ஓரிரு மாவட்டங்களிலும் இலக்கற்ற முறை சோதிக்கப்பட்டது. 1996 ஏப்ரலில் அது நாடெங்கும் விரிவாக்கப்பட்டது. எண்ணிக்கை சரியுமே என்று அஞ்சிய அலுவலர் பலர். பல இடங்களில் அது முதலில் சரியவும் செய்தது. ஆயினும் 1992-93இல் 3.4ஆக இருந்த மொத்தக் கருவள விகிதம் 2019-21இல் 2.0ஆகத் தாழ்ந்தது. பெண்கல்வி, குழந்தை இறப்புக் குறைவு, மண வயது உயர்வு ஆகியவை செய்த பணியை விரட்டல் செய்திருக்க இயலாது.

பழக்கம் மட்டும் எளிதில் போகவில்லை. ‘இலக்கு’ என்ற சொல் நீங்கி ‘எதிர்பார்க்கப்படும் சாதனை அளவு’ என்ற சொல் வந்தது. ஆய்வுக் கூட்டங்களில் கேட்கப்படும் கேள்வி பல இடங்களில் மாறவில்லை. 2012 ஜனவரியில் பீகாரின் அராரியா மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில், டார்ச் விளக்கொளியில், 53 பெண்களுக்கு அறுவை செய்யப்பட்டது. இது குறித்த பொதுநல வழக்கில் 2016 செப்டம்பரில் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் படிப்படியாக நிறுத்துமாறும், மறைமுக இலக்குகளைக் கைவிடுமாறும் பணித்தது.

முகாம் நாளில் ஒரு மருத்துவரின் நிலையை இக்கூட்டத்தினர் எண்ணிப் பார்க்க வேண்டும். முப்பதாவது அறுவை முடிந்துவிட்டது. வெளியே இன்னும் ஐம்பது பெண்கள் விடியற்காலை முதல் வெறும் வயிற்றோடு அமர்ந்துள்ளனர். சிலர் கைக்குழந்தையுடன் நெடுந்தூரம் வந்தவர்கள். ஒரு நாள் கூலியை இழந்தவர்கள். அவர்களை அழைத்து வந்த ஆஷா பணியாளருக்கு மாதச் சம்பளம் என்று ஒன்றில்லை. ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்ற ஊக்கத்தொகை உண்டு. மருத்துவர் கத்தியைக் கீழே வைத்தால் அப்பெண்களின் சினம் ஆஷாவின் மீது பாயும். மாத இறுதியில் மேலதிகாரியின் சினம் மருத்துவர் மீது பாயும். தொடர்ந்தால் எவரும் எதுவும் கேட்கமாட்டார்கள், எவரேனும் இறந்தாலொழிய. அம்மருத்துவரிடம் அறவுணர்வு வேண்டும் என்று அறிவுரை கூறுவது எளிது. தலைமையின் கடமையோ, அந்த மாலை வேளை நேராதவாறு பல மாதங்களுக்கு முன்பே ஏற்பாடு செய்தலாகும்: தாலுகா மருத்துவமனையில் வாரந்தோறும் குறித்த நாளில் சேவை, முன்பதிவு, திரும்பிச் செல்ல நேர்ந்தவருக்கு உணவும் வழிச்செலவும், பெண்ணின் தாய்மொழியில் எழுதிப் படித்துக்காட்டப்பட்ட ஒப்புதல் படிவம், ஆண்களுக்குரிய அறுவையைக் கற்ற மருத்துவர். இவற்றிற்கு ஆகும் செலவு பெரிதன்று.

மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தின் படிவத்தில் இன்னும் இரண்டு பத்திகள் சேர்க்கப்படலாம். விளக்கம் கேட்டபின் வேண்டாம் என்று திரும்பியவர் எத்தனை பேர் என்பது ஒன்று. அறுவைக்குப் பின் ஒரு வாரத்திற்குள் வீடு சென்று பார்க்கப்பட்டவர் எத்தனை பேர் என்பது மற்றொன்று. முதற்பத்தியில் மாதந்தோறும் சுழியம் எழுதி அனுப்பும் மாவட்டத்திற்கு ஓர் அலுவலர் நேரில் சென்று வருவது நலம்.