சல்லடைக்குச் சொல்லிக் கொடுப்பது



பாறசாலையின் பின்கோடு 695502. களியக்காவிளையின் பின்கோடு 629153. இரண்டு ஊருக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் சில்லறை தருவதற்குள் எல்லை வந்துவிடும். ஆனால் தபால் பிரிப்பவர் கையில் இரண்டு ஊர்க் கடிதமும் கிடைத்தால், ஒன்று ஒரு பைக்குப் போகும். மற்றது வேறு பைக்குப் போகும். 69 என்று தொடங்கினால் கேரளம். 62 என்று தொடங்கினால் தமிழ்நாடு. 1972-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 முதல் இந்த முறை நடக்கிறது.

இந்த வேலை எளிது. எண் உறையின் மேலேயே இருக்கிறது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பிரிப்பவர் பார்க்க வேண்டியதில்லை. பார்க்கவும் கூடாது.

மின்னஞ்சலில் அப்படி இல்லை. கல்ஃபில் இருக்கும் மகன் எழுதும் கடிதத்திலும் அதே விலாசம். மோசடிக்காரன் எழுதும் கடிதத்திலும் அதே விலாசம். தபாலில் ஆயிரம் பேருக்கு எழுதினால் ஆயிரம் தபால்தலை ஒட்ட வேண்டும். மின்னஞ்சலில் அந்தச் செலவு கிட்டத்தட்ட இல்லை. அதனால்தான் குப்பை குவிகிறது. 1978-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் ஒரு கணினிக் கம்பெனியின் விற்பனையாளர், சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். யாரும் கேட்காமல் வந்த முதல் மின்னஞ்சல் விளம்பரம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். இன்று இவ்வகைக் கடிதத்துக்கு ஸ்பேம் என்று பெயர்.

இந்தக் குப்பையை எப்படிப் பிரிப்பது? முதலில் விதி எழுதிப் பார்த்தார்கள். "பரிசு" என்ற சொல் இருந்தால் தள்ளு, "இலவசம்" என்று இருந்தால் தள்ளு என்றார்கள். குப்பை அனுப்புகிறவர்கள் சொல்லை மாற்றிக்கொண்டார்கள். 2002-ஆம் ஆண்டு பால் கிரகாம் என்ற அமெரிக்கர் ஒரு கட்டுரை எழுதினார். விதி எழுத வேண்டாம், இரண்டு குவியலைக் காட்டினால் கணினி தானே கற்றுக்கொள்ளும் என்றார். அவர் வைத்திருந்த குவியல்கள் ஒவ்வொன்றிலும் சுமார் 4000 கடிதங்கள். இதற்கான கணக்கு புதிது அல்ல. தாமஸ் பேயிஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் எழுதி வைத்தது. அவர் இறந்தபின் 1763-இல் அச்சானது.

கணக்கு இதுதான். குப்பைக் குவியலில் 100 கடிதம், நல்ல குவியலில் 100 கடிதம் என்று வைத்துக்கொள்வோம். "லாட்டரி" என்ற சொல் குப்பையில் 40 கடிதத்தில் வருகிறது; நல்லதில் ஒன்றில்தான் வருகிறது. அப்படியானால் அந்தச் சொல் குப்பையின் பக்கம் சாய்கிறது. "அம்மா" என்ற சொல் நல்லதில்தான் அதிகம். அது இந்தப் பக்கம் சாய்கிறது. புதுக் கடிதம் வந்ததும் கணினி அதிலுள்ள சொற்களை எடைபோட்டு முடிவு சொல்கிறது. ஒரே ஒரு சொல்லை வைத்துத் தீர்ப்பு எழுதுவதில்லை.

இப்போது பாறசாலைக்கே வருவோம். தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரி தடை செய்யப்பட்டது. கேரளத்திலோ 1967-இல் அரசே லாட்டரித் துறையைத் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. பாறசாலையில் சீட்டு மொத்தமாக எடுத்து விற்கும் ஒருவருக்கு "லாட்டரி" என்பது தினசரி வேலைச் சொல். ரப்பர் வெட்டப் போகும் ஒருவருக்கு அதே சொல்லோடு மின்னஞ்சல் வந்தால் அது பெரும்பாலும் மோசடிதான். கேரள அரசு லாட்டரி காகிதச் சீட்டு. சீட்டு வாங்காதவருக்குப் பரிசு விழாது. ஆக, ஒரே சொல் ஒரு வீட்டில் நல்லது, அடுத்த வீட்டில் குப்பை. யாருக்கு எது என்று கணினிக்கு எப்படித் தெரியும்? அவரவர் பிரித்து வைத்திருக்கும் பெட்டியைப் பார்த்துத்தான். கணினிப் பாடத்தில் இந்தப் பெட்டியை ஃபோல்டர் என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

இங்கேதான் எல்லை ஊர்க்காரர்களுக்கு ஒரு ஆபத்து இருக்கிறது.

நெய்யாற்றின்கரைப் பக்கம் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். மலையாளம் பேசுவார்கள்; எழுத்து வாசிக்க வராது. அப்படி ஒருவருக்கு மலையாளத்தில் ஒரு மின்னஞ்சல் வருகிறது. புரியவில்லை. "ஸ்பேம்" என்று அழுத்திவிடுகிறார். அடுத்ததும் அப்படியே. பத்து, இருபது என்று போகிறது. கணினி என்ன கற்றுக்கொள்ளும்? மலையாளக் கடிதத்தில் "ஆணு", "எந்நு", "உண்டு" போன்ற சொற்கள் வராமல் இராது. அவை எல்லாமே குப்பையின் பக்கம் சாய்ந்துவிடும். "ஒரு" என்ற சொல் இரண்டு மொழியிலும் உண்டு. காதுக்கு அது ஒன்றுதான். எழுத்து வேறு என்பதால் கணினிக்கு அது இரண்டு சொல். தமிழ் "ஒரு" தப்பிக்கும். மலையாள "ஒரு" மாட்டிக்கொள்ளும்.

பிறகு ஊராட்சியிலிருந்து வீட்டுவரி அறிவிப்பு மலையாளத்தில் வருகிறது. மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து உதவித்தொகைக்குக் கடைசித் தேதி சொல்லி ஒரு கடிதம் வருகிறது. எல்லாம் நேரே குப்பைப் பெட்டிக்குப் போகும். யாரும் தடுக்கவில்லை, யாரும் ஏமாற்றவும் இல்லை. அவரே சொல்லிக் கொடுத்த பாடத்தைக் கணினி ஒப்பிக்கிறது.

புரியாத கடிதமும் குப்பைக் கடிதமும் ஒன்றல்ல. புரியாததற்கு ஒரு தனிப் பெட்டி போடலாம். "கேட்கணும்" என்று அதற்குப் பெயர் வைக்கலாம். மலையாளம் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் சாயங்காலம் காட்டலாம். அட்சயா மையத்தில் கேட்கலாம். பார்த்து முடிவானபின் நல்லது நல்ல பெட்டிக்கு, குப்பை குப்பைக்கு.

நல்ல கடிதங்களைப் படித்தவுடன் அழித்துவிடும் பழக்கமும் பலருக்கு உண்டு. பெட்டி சுத்தமாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். குப்பையை மட்டும் பார்த்துப் படித்த கணினிக்கு நல்லது எப்படி இருக்கும் என்றே தெரியாது. ஸ்பேம் அசாசின் என்று ஒரு வடிகட்டி மென்பொருள் உண்டு. அது குப்பையில் 200, நல்லதில் 200 பார்க்காமல் இந்தக் கணக்கைத் தொடங்குவதே இல்லை. மகன் கடிதம், வங்கிக் கடிதம், மின்கட்டண ரசீது ஆகியவை நல்ல பெட்டியில் கிடக்கட்டும். இடம் ஒன்றும் பெரிதாகப் போகாது.

கடைக்காரர் விளம்பரம் ஒரு காலத்தில் நாமே கேட்டு வாங்கியதாக இருக்கலாம். இப்போது சலித்துவிட்டது என்று அதைக் குப்பையில் போடக் கூடாது. அதே கடையின் ரசீதும் பின்னாலேயே போய்விடும். கடிதத்தின் அடியில் "வேண்டாம்" என்று சொல்ல வழி இருக்கும். தெரிந்த கடையாக இருந்தால் அதை அழுத்தலாம். தெரியாதவன் அனுப்பியதில் எதையும் அழுத்தக் கூடாது.

தண்டர்பேர்ட் போன்ற மென்பொருள், அதை வைத்திருப்பவர் பிரித்ததை மட்டும் பார்த்துக் கற்கும். ஜிமெயிலில் கோடிக்கணக்கான பேர் பிரித்ததும் சேரும். ஆனாலும் ஒருவர் தம் பெட்டியில் செய்யும் திருத்தத்துக்கு அங்கும் மதிப்பு உண்டு.

பத்து குப்பை உள்ளே வந்தால் எரிச்சல்தான். ஒரு நல்ல கடிதம் வெளியே போனால் நஷ்டம். கிரகாமும் இதை நினைத்தே நல்ல குவியலின் எண்ணிக்கையை இரட்டிப்பாக வைத்துக் கணக்குப் போட்டார். ஜிமெயிலில் குப்பைப் பெட்டிக்குப் போன கடிதம் 30 நாளில் தானே அழிந்துவிடும். ஆகவே வாரத்துக்கு ஒரு நாள் அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். அனுப்பியவர் பெயரையும் தலைப்பையும் பார்த்தால் போதும். நல்லது கிடந்தால் "ஸ்பேம் இல்லை" என்பதை அழுத்த வேண்டும். ஒரு தடவை எடுத்ததும் கணினி திருந்திவிடாது. இருபது மலையாளக் கடிதத்தைத் தள்ளியவர், பல கடிதங்களைத் திருப்பி எடுத்துக் காட்டியபின்தான் ஊராட்சி அறிவிப்பு பழையபடி முன்பெட்டிக்கு வந்து சேரும்.