பாடம் சொல்லப் பழகுதல்

திருக்கடையூருக்கு நாள்தோறும் வந்திறங்கும் கூட்டத்தில் மணிவிழாத் தம்பதியரும் சதாபிடேகத் தம்பதியருமே மிகுதி. அவர்களுள் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் பலர். 2021 முதல் தமிழ்நாட்டில் அரசு ஊழியர், ஆசிரியரின் ஓய்வு வயது 60 என்றாகிவிட்டதால், பணி நிறைவும் மணிவிழாவும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்து சேர்கின்றன. மாலையும் கழுத்துமாக நிற்கும் ஆசிரியரைச் சுற்றி நரைதொடங்கிய மாணவர்கள் நிற்பர். 'ஐயா நடத்திய பாடம் இன்னும் நினைவிருக்கிறது' என்று சொல்பவர் அவர்களுள் ஒருவரேனும் இருப்பார். அந்த ஐயா பாடத்தைக் கல்லூரியில் கற்றார். பதவியை அரசிடம் பெற்றார். பாடம் சொல்லும் வல்லமையை எங்கே பெற்றார்? உயர்நிலைப்பள்ளிப் பாட ஆசிரியருக்கான பயிற்சியைப் பற்றி எண்ணுவோர் முதலில் கேட்க வேண்டிய வினா இதுவே.

கற்றல் வேறு, கற்பித்தல் வேறு என்பது மேலைநாட்டுக் கல்வியியலார் வந்து சொல்லித் தமிழர் அறிந்த செய்தியன்று. பவணந்தி முனிவரின் நன்னூல், எழுத்திலக்கணத்துள் புகுமுன்பே, தன் பொதுப்பாயிரத்தில் ஆசிரியன் யார், ஆசிரியன் ஆகாதவன் யார், பாடம் சொல்லும் முறை யாது, கேட்கும் முறை யாது என்று வரையறுத்துவிடுகிறது. ஆசிரியன் ஆகாதவனுக்கு அது தரும் நான்கு உவமைகளும் இன்றைய பயிற்சிக் கல்லூரியின் சுவரில் எழுதி வைக்கத்தக்கவை. கழற்சிக்காய் நிரப்பிய குடம் ஒன்று. போட்ட முறை வேறு, கொட்டும் முறை வேறு; ஒழுங்காகக் கற்றதை ஒழுங்கின்றிச் சொல்பவன் அவன். மடல் நிறைந்த பனை மற்றொன்று. தானாக உதிர்த்தால் உண்டு. யாரும் ஏறிப் பறிக்க இயலாது. பஞ்சு அடைத்த குடுவை மூன்றாவது. வருந்திப் பிடுங்கினால் சிறிது சிறிதாக வரும். நான்காவது, வளைந்த தென்னை. காவிரிக்கரை ஊர்களில் இதற்கு விளக்கம் தேவையில்லை. நீர் வார்த்தவன் கொல்லையில் வேர் இருக்கும். காய் அடுத்த வீட்டுக் கொல்லையில் விழும்.

இந்நால்வரும் கல்லாதவர் அல்லர் என்பது நோக்கத்தக்கது. குடம் நிறைந்திருக்கிறது, பனையும் காய்த்திருக்கிறது. குறை புலமையில் இல்லை, கொடுக்கும் முறையில் இருக்கிறது. அம்முறையைப் பழக்குவதே பயிற்சி.

அப்பழக்கம் எப்படி வரும் என்பதற்கும் அப்பாயிரத்திலேயே ஒரு கணக்கு உண்டு. ஆசிரியர் சொல்லக் கேட்டுக் கொள்வது புலமையில் கால் பங்கு. உடன்பயில்வோரோடு பழகிப் பெறுவது மற்றொரு கால். எஞ்சிய அரைப் பங்கு, பிறர்க்கு எடுத்துரைப்பதால்தான் நிரம்பும் என்கிறது. உரைத்தலுக்கே பாதியை ஒதுக்கிய இக்கணக்கு வியக்கத்தக்கது. உ.வே.சாமிநாதையர் வாழ்வு இதற்கு நல்ல சான்று. 1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணாக்கராகச் சேர்ந்தார். 1876-இல் ஆசிரியர் மறைந்தபின் திருவாவடுதுறை மடத்தில் தாமே பாடம் சொன்னார். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் அவர் தமிழாசிரியராக அமர்ந்தபோது, அவரிடம் பயிற்சிச் சான்றிதழ் ஏதுமில்லை. ஆயினும் பயிற்சியற்றவராக அவர் அங்குச் செல்லவில்லை. மடத்தில் தம்பிரான்களுக்கும் ஏனையோர்க்கும் சொன்ன பாடமே அவருக்குப் பயிற்சியாயிற்று.

திண்ணைப் பள்ளியிலும் இதே கணக்குத்தான் நடந்தது. முன்னே படித்த சட்டாம்பிள்ளை, பின்னே வந்த சிறுவர்க்கு மணலில் எழுத்தைப் பிடித்து எழுதிக் காட்டுவான். திருக்கடையூரிலிருந்து சில கல் தொலைவிலுள்ள தரங்கம்பாடியில் 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு, தமிழ் கற்கக் கண்ட வழியும் அதுவே. முதிய வாத்தியார் ஒருவரைப் பிள்ளைகளோடு தம் இருப்பிடத்துக்கே வரவழைத்து, அப்பிள்ளைகளுடன் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். அவர் பயின்ற ஊர் செர்மனியின் ஆலே. அங்கே அவருடைய வழிகாட்டியாகிய பிராங்கே, பள்ளி ஆசிரியரைப் பழக்குவதற்கென்றே அமைப்புகளை நிறுவியிருந்தார். உயர்வகுப்புகளுக்குரிய ஆசிரியருக்குத் தனி அமைப்பும் அங்கு உருவாயிற்று. அந்த மரபில் வந்தவர் 1716-இல் தரங்கம்பாடியிலும் ஆசிரியர்களையும் உபதேசியார்களையும் பயிற்றும் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இந்தியாவில் ஆசிரியர் பயிற்சியின் வரலாற்றை எழுதுவோர் அந்த ஆண்டைத் தவறாமல் குறிப்பர். கோட்டையைக் காணத் தரங்கம்பாடி செல்வோருள் எத்தனை பேர் அதை நினைக்கின்றனர் என்பது வேறு செய்தி.

அந்த நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூர் அனாதைப் பள்ளியை நடத்திய ஆண்டுரு பெல் என்பவர், தமிழ்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதையும் மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக் கொடுப்பதையும் கண்டு, அதைத் தம் பள்ளிக்குக் கொண்டார். 1797-இல் இலண்டனில் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தெங்கும் பரவியது. சட்டாம்பிள்ளை கடல் கடந்து சென்று, ஆசிரியப் பயிற்சி மாணவனாக ஆங்கிலப் பள்ளிகளில் வளர்ந்து, பிறகு சீர்திருத்தம் என்ற பெயரில் சென்னைக்கே திரும்பினான் என்று சொன்னால் அது முழுவதும் மிகையாகாது.

இவையெல்லாம் தொடக்கக் கல்வியைச் சார்ந்தவை. வரலாறு, கணக்கு, ஆங்கிலம் என்று ஒரு பாடத்தை மட்டும் எடுத்து நடத்தும் உயர்நிலைப்பள்ளி ஆசிரியர், பல்கலைக்கழகங்கள் தோன்றியபின் வந்தவர். 1856-இல் சென்னையில் தொடங்கிப் பின்னர்ச் சைதாப்பேட்டையில் நிலைபெற்ற பயிற்சிக் கல்லூரியே அவருடைய பிறப்பிடம். பட்டம் பெற்றவர் அங்குச் சென்று எல்.டி. என்னும் தகுதியைப் பெற்று வருவர். அதுவே பின்னாளில் பி.டி. ஆகி, இன்று பி.எட். ஆயிற்று. வலங்கைமானில் 1869-இல் பிறந்த வி.எஸ்.சீனிவாச சாத்திரியார், கும்பகோணத்தில் பட்டம் பெற்று, முதலில் மாயூரம் நகராட்சிப் பள்ளியில் ஆசிரியராகப் பணிபுரிந்தார். அதன் பின்னரே சைதாப்பேட்டைக்குப் பயிற்சிக்குச் சென்றார். அங்கே கல்லூரி முதல்வரின் ஆங்கில உச்சரிப்பிலேயே பிழை கண்டவர் என்று அவரைப் பற்றிச் சொல்வதுண்டு. வகுப்பறையை முன்பே கண்டுவிட்டுப் பயிற்சிக்குச் சென்றவர் அவர். எந்த இடத்தில் மாணவன் தடுக்கினான் என்பதை அறிந்தவனுக்கே பயிற்சிக் கல்லூரியின் பேச்சு பொருள்படும். இன்றோ வரிசை மாறியிருக்கிறது. வகுப்பின் முன் ஒருநாளும் நின்றறியாதவர்க்குக் கற்பித்தல் உளவியல் முதலில் வருகிறது. மாணவன் பிறகு வருகிறான்.

ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் சைதாப்பேட்டை இருந்தது. தமிழுக்கு என்ன இருந்தது?

தமிழுக்குப் புலமை இருந்தது. 1901-இல் மதுரையில் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய தமிழ்ச்சங்கம் பண்டிதத் தேர்வுகளை நடத்தியது. சென்னைப் பல்கலைக்கழகம் வித்துவான் பட்டம் வழங்கியது. காவிரி நாட்டில் அப்பட்டத்துக்குப் பயிற்றும் இடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. திருவையாற்று அரசர் கல்லூரி வடமொழிக்கென நடந்து வந்தது. அங்கே 1920-களில் தமிழும் இடம்பெறச் செய்தவர்கள் ஏ.டி.பன்னீர்செல்வமும் உமாமகேசுவரனாரும். 1911-இல் தோன்றிய கரந்தைத் தமிழ்ச்சங்கம் 1938-இல் புலவர் கல்லூரியைக் கண்டது. திருக்கடையூர்த் திருக்கோயிலைப் புரந்துவரும் தருமபுர ஆதீனம் 1946-இல் தமிழ்க் கல்லூரியைத் தொடங்கிற்று. வித்துவான் தேர்வில் மாநில முதன்மை பெறுபவர்க்குத் திருப்பனந்தாள் காசி மடம் ஆயிரம் ரூபாய்ப் பரிசளித்தது. 1935-இல் அப்பரிசைப் பெற்ற மு.வரதராசனார், திருப்பத்தூர் நகராட்சிப் பள்ளியில் தமிழாசிரியராக அமர்ந்தார். ஆயிரம் ரூபாய் அந்நாளில் ஓர் ஆசிரியரின் பல மாத ஊதியம் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

தொல்காப்பியமும் காரிகையும் தண்டியும் கரைகண்ட இவ்வித்துவான்கள் நேரே பள்ளிக்கு வந்தனர். பதின்மூன்று வயதுப் பையன் ஐம்பது பேருக்கு நன்னூலை எப்படிச் சொல்வது என்று எவரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. தாமே கண்டுபிடித்துக் கொண்டவர்கள் உண்டு. மன்னார்குடிப் பின்லே பள்ளி முதலிய பள்ளிகளில் தமிழாசிரியராக விளங்கிய தேவநேயப் பாவாணர், மொழியாராய்ச்சி நூல்களுக்கிடையே மாணவர்க்கெனக் கட்டுரை இலக்கண நூல்களையும் எழுதினார். வகுப்பறையின் குறை கண்டு எழுந்தவை அவை. கண்டுபிடிக்காதவர்களின் வகுப்பு, பதவுரையும் பொழிப்புரையும் எழுதவைப்பதோடு நின்றது. தமிழ்ப் பாடவேளை என்றால் தூங்கும் வேளை என்ற ஏளனம் பள்ளிகளில் எப்படிப் பிறந்தது என்பதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

இதில் தமிழாசிரியர் மீது மட்டும் பழி போடுவது அறமன்று. பயிற்சி தராமலே விட்டுவிட்டு, பயிற்சி பெறாதவர் என்று காட்டி அவர் ஊதியத்தையும் மதிப்பையும் குறைத்தனர். எல்.டி. பெற்றவர் தலைமையாசிரியராக உயர்ந்தார். தமிழாசிரியருக்கு அந்த வாயில் நெடுங்காலம் அடைபட்டிருந்தது. தமிழாசிரியர் பயிற்சி பின்னாளில் தனியே ஏற்பட்டு, பெயருக்குப் பின் 'பி.லிட்., டி.பி.டி.' என்று எழுதும் தலைமுறை ஒன்று வந்தது. அதன்பின் ஏனையோரைப் போலவே தமிழிலும் பட்டம் பெற்று பி.எட். முடிப்பதே வழக்கமாயிற்று. மதிப்பில் இருந்த வேறுபாடு அதனால் பெரிதும் மறைந்தது. ஆனால் தொல்காப்பியம் முழுதும் பாடங்கேட்ட ஆசிரியரும் பள்ளிகளிலிருந்து மறைந்துவரலானார். ஒன்றை ஈட்டும்போது மற்றொன்றைக் கைவிட வேண்டுமென்று யாரும் விதிக்கவில்லை, நடந்தது அது.

நல்ல பயிற்சி என்ன செய்யும் என்பதைத் திருக்கடையூர்ப் பிள்ளைகளுக்குரிய பாடம் ஒன்றைக் கொண்டே காணலாம். ஒன்பதாம் வகுப்பில் அந்தாதியை நடத்த வேண்டும். பயிற்சியில்லாப் புலமை, 'ஒரு செய்யுளின் இறுதியிலுள்ள எழுத்தோ அசையோ சீரோ அடியோ அடுத்த செய்யுளின் முதலாக வரத் தொடுப்பது' என்று இலக்கணத்தில் தொடங்கும். பிள்ளைகள் எழுதிக்கொள்வர், அவ்வளவே. பயிற்சி பெற்றவர், பேருந்துப் பயணத்தில் பிள்ளைகள் ஆடும் பாட்டுக்குப் பாட்டு விளையாட்டை வகுப்பிலேயே ஆடவிடுவார். ஒருவன் முடித்த எழுத்தில் மற்றொருவன் தொடங்குவான். பொருள் கைக்கு வந்தபின் 'இதற்குத்தான் அந்தாதி என்று பெயர்' என்பார். பிறகு, தை அமாவாசையன்று கோயில் ஒலிபெருக்கியில் கேட்ட அபிராமி அந்தாதியை நினைவூட்டி, ஓலையில் எழுதிய காலத்தில் ஒரு பாடல் விடுபட்டால் படிப்பவனுக்கு எப்படித் தெரியும் என்று வினவுவார். முடிவு சேராவிட்டால் நடுவில் ஒன்று போயிற்று என்று ஒரு பெண் சொல்வாள். நூறாம் பாடலின் இறுதி முதற்பாடலின் தொடக்கத்தைத் தொடுவதை அவர்களே கண்டுபிடிப்பர். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுதல் என்று பயிற்சி நூல்கள் சொல்வது இதைத்தான்.

செர்மானிய அறிஞர் எர்பார்ட்டின் வழிவந்தோர் இதனை ஆயத்தம், எடுத்துரைத்தல், ஒப்பிடல், பொதுமையாக்கல், பயன்படுத்தல் என ஐந்து படிகளாக்கினர். பாடக்குறிப்பு என்ற பெயரில் பயிற்சி மாணவர் எழுதுவது அதன் வழிவந்ததே. அறிவியலுக்கும் இலக்கணத்துக்கும் அது பொருந்தும். கவிதையையும் அக்கட்டங்களில் அடைத்தால் உயிர் போய்விடும். பல பயிற்சிக் கல்லூரிகளில் இன்றும் அடைத்துக்கொண்டுதான் இருக்கின்றனர். 1960-களில் அமெரிக்காவின் சுடான்போர்டில் தோன்றிய நுண்ணிலைக் கற்பித்தல் பயன்மிக்கது. ஐந்து பத்து நிமிடங்கள், ஒரே ஒரு திறன்: வினாக் கேட்பது மட்டும், அல்லது கரும்பலகையில் எழுதுவது மட்டும். ஆனால் இங்கே மாணவராக அமர்பவர்கள் உடன்பயிலும் பட்டதாரிகள். எட்டாம் வகுப்பு மாணவராக நடிக்கும் இருபத்திரண்டு வயதினர், எட்டாம் வகுப்பு மாணவன் கேட்கும் குறுக்குக் கேள்வி ஒன்றையும் கேட்பதில்லை.

2008-இல் தமிழ்நாட்டில் ஆசிரியர் கல்விக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் ஏற்பட்டது. அதன்கீழ் நூற்றுக்கணக்கான கல்லூரிகள் உள்ளன. பெரும்பாலானவை சுயநிதிக் கல்லூரிகள். 2015-16 முதல் பி.எட். இரண்டாண்டுப் படிப்பாயிற்று. இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளியில் தங்கிக் கற்பிக்க வேண்டும் என்பது விதி. நன்னூலின் கணக்குக்கு ஒருவாறு நெருங்கிவந்த விதி அது. நடைமுறையில் அந்த வாரங்கள் எங்கே போகின்றன? விடுப்பில் சென்ற ஆசிரியரின் வகுப்பை அமைதியாக வைத்திருப்பதில் சில போகின்றன. படம் ஒட்டி, கோடு போட்டு, 'ரெக்கார்டு' எழுதுவதில் பல போகின்றன. எழுதித் தருவதற்கு ஆள் உண்டு என்பதும் ஊரறிந்தது. தேர்வாளர் பதிவேட்டைப் புரட்டுகிறார். வகுப்பை ஒரு பாடவேளை காண்கிறார். 2012 முதல் தமிழ்நாட்டில் நடந்துவரும் ஆசிரியர் தகுதித் தேர்விலும் 150 வினாக்களுக்குக் கொடுத்த விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். குடம் நிறைந்திருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் தேர்வு அது. கொட்டும்போது எப்படிக் கொட்டும் என்பதை அத்தேர்வால் அறிய இயலாது.

அதை அறியக்கூடியவர் ஒருவரே: வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து கேட்கும் பழகிய ஆசிரியர். சட்டாம்பிள்ளை பிழைவிட்டால் திண்ணையிலிருந்தே திருத்தியவர் அவர். இன்று அவருக்கு இதற்கென நேரமோ, வகுப்புக் குறைப்போ, படியோ பெரும்பாலும் இல்லை. தம் பாடவேளையைப் பயிற்சி மாணவரிடம் விட்டுவிட்டு விடைத்தாள் திருத்தப் போய்விடுகிறார் என்று அவரைக் குறைசொல்வதில் பயனில்லை.

மயிலாடுதுறை, தரங்கம்பாடி வட்டாரத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கணக்காசிரியர், அறிவியலாசிரியர் பலர் இருக்கின்றனர். இலக்கிய வட்டத்தின் கூட்டங்களில் முன்வரிசையில் அமர்பவர்கள் பெரும்பாலும் அவர்களே. அந்த 16 வாரங்களில், தலைமையாசிரியரின் இசைவோடு, வாரம் இருமுறை அருகிலுள்ள பள்ளி ஒன்றின் பின்வரிசையிலும் அவர்கள் அமரலாம். பாடம் முடிந்தபின் வேப்பமரத்தடியில் பயிற்சி மாணவரோடு கால்மணி நேரம் பேசினால் போதும். எந்த வினாவுக்கு வகுப்பு விழித்தது, எந்த இடத்தில் மூன்றாம் வரிசைப் பையன் சன்னலைப் பார்க்கத் தொடங்கினான், கரும்பலகையில் எழுதிய எழுத்து கடைசி விசிப்பலகைக்குத் தெரிந்ததா என்பவற்றைச் சொல்ல அந்தக் கால்மணி நேரம் தாராளம். இதற்கு அரசாணை வேண்டியதில்லை. பள்ளி திறக்கும் முன் தலைமையாசிரியரைக் கண்டு ஒரு சொல் கேட்க வேண்டும், அவ்வளவே.