கொடி நாளும் கட்டாயமும்



1949 முதல் டிசம்பர் 7ஆம் நாள் நம் நாட்டில் கொடி நாள். படைவீரர் நலநிதிக்குப் பொருள் ஈவோர், முப்படைகளைக் குறிக்கும் செந்நிறம், கருநீலம், இளநீலம் கொண்ட சிறு கொடியைச் சட்டையில் அணிவர்.

நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, கொடியணியாத மாணவன் ஒருவனை எல்லோர் முன்னிலையிலும் நிறுத்திக் காரணம் வினவினேன். அவன் வாய் திறக்கவில்லை. மறுநாள் அணிந்து வந்தான். நன்றியால் அன்று, வெட்கத்தால். அவ்வெட்கத்தை விளைத்தவன் நான்.

இத்தகைய நெருக்குதல் பிற நாட்டிலும் உண்டு. இங்கிலாந்தில் 1921 முதல், போரில் மாண்டோர் நினைவாகச் சிவப்புப் பாப்பி மலர் அணிகின்றனர். 1933இல் கூட்டுறவு மகளிர் கழகத்தார், இனிப் போர் வேண்டாமென்று வெள்ளைப் பாப்பி அணிந்தனர். மாண்டோரை அவமதிப்பதாகப் பலர் ஏசினர். ஏச்சுக்கு ஆளானோருள் போரில் மகனைப் பறிகொடுத்த தாயரும் இருந்தனர்.

நன்றி உள்ளத்தில் ஊறுவது. ஊரார் கண்ணுக்கு அஞ்சி வருவதன்று. கொடி அணியுங்கள், அணியாதவனை ஏனென்று கேளாதீர்கள்.